கையெழுத்துப் போடாதவள்

"இது என் சீட்டுங்க."

கலினா இரண்டாவது முறையாகச் சொன்னாள். அந்த ஆள் நிமிரவேயில்லை. அவளுடைய இருக்கையில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் நான்கைந்து தடித்த கோப்புகள். அவற்றின்மேல் கவிழ்ந்துகொண்டு, உதடு அசைய எதையோ எண்ணிக்கொண்டிருந்தான்.

"ஒரே நிமிஷம்... எண்ணிக்கை விட்டுப்போயிடும்."

"மழை வரப்போகுது. அதுக்குள்ள உக்காந்துக்கலாமா?"

அப்போதுதான் நிமிர்ந்தான்.

சுரங்கத்தில் இறங்குகிறவர்களுக்கு என்னதான் தேய்த்துக் குளித்தாலும் இமையோரத்தில் கரித்தூள் தங்கிவிடும். நிலக்கரிச் சுரங்க ஊரான ரிப்னிக்கில் பிறந்து வளர்ந்த கலினாவுக்கு அது ஒன்றும் புதிதில்லை. ஊரில் பாதி ஆண்களின் கண் அப்படித்தான். ஆனால் இவனுக்கு மட்டும் யாரோ பக்கத்தில் உட்கார்ந்து, பொறுமையாக மை தீட்டிவிட்டதுபோல்... அதற்குள்ளே சாம்பலும் பச்சையுமாக இரண்டு கண்கள்.

அவள் பார்வையைச் சட்டென்று பந்தயத் தடத்தின் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"கெரார்ட், பொண்ணு நிக்குது பாரு. எடுடா உன் காகிதத்த." அடுத்த இருக்கையிலிருந்து ட்ரூடா அதட்டினாள். சுரங்கத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை பார்க்கிறவள், ஐம்பது வயது. கையில் பந்தய நிரல் புத்தகம், காதில் பேனா.

கோப்புகள் அவன் மடிக்கு ஏறின. கலினா உட்கார்ந்தாள். இந்த இருக்கை அவளுடைய சக ஊழியருடையது. பிரசவ விடுப்பில் போனவர், "மிச்சப் பந்தயத்தையெல்லாம் நீ பாரு" என்று சீட்டைக் கொடுத்திருந்தார். இல்லாவிட்டால் அவள் எப்போதும்போல் இரண்டாவது வளைவில் நின்றுகொண்டுதான் பார்த்திருப்பாள்.

மூன்றாவது ஓட்டம் முடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. முதலில் தயங்கித் தயங்கி... பிறகு கூச்சம் விட்டுப்போனதுபோல் சடசடவென்று. தடத்தின் சிவப்பு மண் கறுத்தது. ஓட்டுநர்கள் வண்டிகளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். தடத்தைச் சமன்செய்ய டிராக்டர் வந்தது. எல்லோரும் குடையை விரித்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஸ்பீட்வே என்கிற இந்த மண்தட மோட்டார் சைக்கிள் பந்தயத்தைப் பார்க்க வந்தவர்களுக்கு மழையில் காத்திருப்பது பாதி வேலை. மீதிப் பாதி, அந்த நேரத்தில் சண்டை போடுவது.

"நீங்க போட்டாச்சா?" கெரார்ட் ஒரு தாளை நீட்டினான்.

"என்ன இது?"

"நம்ம காக்கைக்கு."

காக்கை என்றால் இக்னாசி வ்ரோனா. வ்ரோனா என்ற குடும்பப் பெயருக்கே அதுதான் பொருள். பதினெட்டு வருடமாக இந்த ஊருக்கு ஓட்டுகிறவர். அவர் முந்திப் போனால் எட்டாயிரம் பேரும் சேர்ந்து கரைவார்கள். ஆகஸ்ட் கடைசியில் முதல் வளைவில் விழுந்து தோளை உடைத்துக்கொண்டார். அடுத்த வசந்தத்தில் திரும்பி வருவார் என்று ஊர் முழுக்க நம்பிக்கை. அடுத்த வருட உலக சாம்பியன் போட்டியில் அவருக்கு ஓர் இடம் தர வேண்டும் என்று கேட்கிற மனு அது. பதினைந்து பேர் ஓட்டுகிற போட்டி. பத்துப் பேர் ஜெயித்து வருகிறவர்கள், ஐந்து பேர் போட்டிக் குழு பார்த்து அழைக்கிறவர்கள்.

"பதினோராயிரத்து இருநூறு பேர் போட்டாச்சு. உங்களோடது இருநூத்தி ஒண்ணு." அவன் பேனா மூடியைக் கழற்றிக் கொடுத்தான்.

கலினா பேனாவை வாங்கவில்லை. "வேணாங்க."

"வேணாமா?"

"நான் போடல."

ட்ரூடா நிரல் புத்தகத்தை மூடிவிட்டாள். முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"வெளியூரா நீங்க?"

"இதே ஊர்தான். இடத்த அந்த டேனிஷ்காரப் பையனுக்குக் குடுக்கலாம். தோருப்."

"மாட்ஸ் தோருப்பா? அவனுக்கு இருபத்திரண்டு வயசு. இன்னும் பத்து வருஷம் இருக்கு. வ்ரோனாவுக்கு முப்பத்தாறு. ரெண்டு தடவ ஒரே ஒரு பாயின்ட்ல விட்டாரு. நாலு வருஷமா மாத்து ஆளாக் கூப்பிடறாங்க, போறாரு, ஓட்டறாரு, வர்றாரு. ஒரு முழு வருஷம் குடுத்துப் பாத்தாங்களா?"

"வயசாயிடுச்சுன்னு இடம் குடுக்க இது என்ன பஸ்ஸா?"

முன்வரிசையில் ஒருவன் சிரித்துவிட்டான். கெரார்டுக்கும் உதட்டோரம் துடித்தது. அடக்கிக்கொண்டான்.

"சரி, கணக்குக்கு வாங்க. இந்த வருஷம் சொந்த ஊர்ல வ்ரோனா தோத்ததே நாலு ஓட்டம்தான்."

"வெளியூர்ல?"

"அது..."

"தோருப் அஞ்சு ஊர்ல, அஞ்சு விதமான மண்ணுல ஜெயிச்சிருக்கான். உலகப் போட்டி எல்லாம் ரிப்னிக்லயா நடக்குது? அதோட, ஆகஸ்ட்ல வ்ரோனா விழுந்தப்போ நேரா பின்னாடி வந்தது யாரு? தோருப்தான். பிரேக் இல்லாத வண்டி. அவர்மேல ஏறக்கூடாதுன்னு தானே வண்டியச் சாச்சுப் போட்டு வேலியில போய் மோதினான். எந்திரிச்சு ஓடி வந்து, டாக்டர் வர்ற வரைக்கும் அவர் தலைய ஆடாமப் புடிச்சுக்கிட்டிருந்தான். அந்த ஓட்டத்துல அவனுக்குப் பூஜ்யம். உங்க புத்தகத்துல பூஜ்யம்னுதானே எழுதினீங்க?"

ட்ரூடா தன் புத்தகத்தைப் பார்த்தாள். "ஆமா," என்றாள் மெதுவாக. "பூஜ்யம்னுதான் எழுதினேன்."

கெரார்ட் கலினாவையே பார்த்துக்கொண்டிருந்தான். இவ்வளவு தெரிந்தவள்... இவ்வளவு அழகாகப் பேசுகிறவள்... ஒரு கையெழுத்துப் போட என்ன?

அந்த நேரம் பார்த்துக் காற்று திசை மாறியது. மழை சாய்ந்து குடைக்கு அடியில் அடித்தது. அவன் குடையைத் திருப்புவதற்குள் கலினா தன் மழைக்கோட்டைக் கழற்றி அவன் மடியிலிருந்த கோப்புகளின்மேல் போர்த்தி, இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் தலைமுடி ஒட்டிக்கொண்டது. கன்னத்தில் நீர் வழிந்தது.

"நனையறீங்க..."

"பதினோராயிரம் பேரோட பேருங்க இது. ஒழுங்காப் புடிங்க."

கெரார்டும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

அன்று இரவு கலினாவுக்குத் தூக்கம் வரவில்லை. அவள் கையெழுத்துப் போடாததற்குக் காரணம் தோருப் இல்லை. கலினா ஒரு பிசியோதெரபிஸ்ட். செப்டம்பர் முதல் வாரத்திலிருந்து வ்ரோனாவின் வலது கை அவள் பொறுப்பில் இருந்தது. உடைந்த எலும்பு கூடிவிடும். ஆனால் தோளுக்குள் நரம்பு அறுந்துபோயிருந்தது. அறுவைச் சிகிச்சை செய்தால் அந்தக் கை ஒரு கரண்டியைப் பிடிக்கும். கதவைத் திறக்கும். வண்டியின் ஆக்ஸிலேட்டரை இனி ஒருநாளும் முறுக்காது. இது தெரிந்தது மூன்றே பேருக்கு. மருத்துவர், வ்ரோனா, அவள்.

"என் வாயால நானே சொல்லிக்கிறேன்," என்று வ்ரோனா கேட்டுக்கொண்டிருந்தார். "அந்தத் தடத்துல நின்னு. அதுவரைக்கும் யாருக்கும் தெரிய வேணாம்."

அவர் கேட்காவிட்டாலும் அவள் சொல்ல முடியாது. அது அவள் தொழில். ஓட்ட முடியாத ஒருவருக்கு ஓட்ட இடம் கேட்டுக் கையெழுத்துப் போடவும் அவளால் முடியாது. பொய்க்குக் கீழே பெயர் எழுதுவது எப்படி?

அடுத்த ஞாயிறு அவள் போனபோது, அவள் இருக்கை துடைக்கப்பட்டுக் காய்ந்திருந்தது. மேலே ஒரு மெத்தைத் துண்டு.

"இது யாரு வச்சது?"

"யாரோ," என்றான் கெரார்ட், வானத்தைப் பார்த்தபடி.

"கையெழுத்துக்கு லஞ்சமா?"

"லஞ்சம் குடுக்கறதா இருந்தா கிருப்னியோக்குல ஆரம்பிப்பேன்." பின்னாலிருந்து காகிதத் தட்டை எடுத்தான். சுட்டு வெடித்த ரத்தத் தொத்திறைச்சி, கடுகுக் குழம்பு, ரொட்டி. ஆவி பறந்தது.

"இதுக்கெல்லாம் மசியமாட்டேன்."

"தெரியும். சாப்பிட்டுட்டே மறுத்துப் பேசுங்க... சூடா இருக்கும்போது."

அவள் சிரித்துவிட்டாள். அன்று பதினைந்து ஓட்டங்களும் எப்படிப் போயின என்று அவளுக்குத் தெரியாது. ஓட்டத்துக்கு ஓட்டம் சண்டை. வெளியூர்ப் புள்ளிக்கு மதிப்பு அதிகமா, பெரிய பந்தயத்தில் நிதானம் முக்கியமா, விழுந்து எழுந்தவனுக்கு ஒரு வாய்ப்பு உண்டா... அவன் சுரங்கத்தில் மின்வேலை பார்க்கிறவன் என்று தெரிந்தது. பதிமூன்று வயதில் அப்பா இறந்த பிறகு பள்ளிக்குப் போகாமல் மைதானத்து வேலிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தவனை வ்ரோனா பார்த்து, "என் சக்கரத்துல மண்ணு சுரண்டறியா? ஆனா ஸ்கூல் விட்டு வரணும்" என்று சொன்னதும் தெரிந்தது.

"ஸ்கூலுக்குப் போனீங்களா?"

"போனேன். அவரு தினமும் நோட்டப் பாப்பாரு. அவருக்குக் கணக்கு வராது. ஆனாலும் பாப்பாரு."

சொல்லிவிடலாமா... ஒரு வார்த்தை... இவன் இப்படி வீடு வீடாக ஏறி இறங்குவதையாவது நிறுத்தலாமே. கலினா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"என்ன?"

"கடுகு காரம்," என்றாள்.

பேருந்து நிறுத்தம் வரை கூடவே வந்தான். பேருந்து வந்தபோது ஏதோ சொல்ல வாயெடுத்து, "அடுத்த ஞாயிறு... வருவீங்கதானே?" என்று மட்டும் கேட்டான்.

ஆனால் ஞாயிறு வருவதற்குள் செவ்வாய் வந்தது.

வ்ரோனா மாலை ஐந்து மணிக்குச் சிகிச்சைக்கு வருவார் என்று யாரோ சொல்லக் கேட்டு, கட்டிவைத்த கோப்புகளை அவரிடம் காட்டிவிட்டுக் குழுவுக்கு அனுப்பலாம் என்று கெரார்ட் மருத்துவமனைக்கு வந்தான். பாதி திறந்திருந்த கதவு வழியே பார்த்தான். வெள்ளை உடையில் கலினா. அவள் இரண்டு கைகளுக்கு நடுவே வ்ரோனாவின் வலது கை.

அவன் உள்ளே போகவில்லை. அவள் வெளியே வரும்வரை நடைக்கூடத்தில் நின்றான்.

"நீங்களா?" கலினாவின் முகம் மலர்ந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் அந்த மலர்ச்சி அப்படியே நின்றுபோனது.

"தினமும் அவரு கையப் புடிச்சுக்கிட்டிருக்கீங்க."

"கெரார்ட்..."

"யாரோ எவரோன்னு நெனச்சேன். தோருப் ரசிகைன்னு நெனச்சேன். அதுகூடப் பரவால்ல. ஆனா இவருக்கு மருந்து போடற கையால இவருக்காக ஒரு கையெழுத்து... ஒண்ணே ஒண்ணு..." அவன் குரல் தாழ்ந்தது. "ஏன்னு மட்டும் சொல்லுங்க. நான் போயிடறேன்."

கதவுக்குப் பின்னால் வ்ரோனா இடது கையால் சட்டைப் பொத்தானோடு போராடிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியும்.

"சொல்ல முடியாது."

"முடியாதா, இஷ்டமில்லையா?"

அவள் பாதி திறந்திருந்த கதவை இழுத்துச் சாத்தினாள்.

"மனசுக்குப் பதிலா என்ன வச்சிருக்கீங்க உள்ள? கல்லா?" என்று கேட்டுவிட்டு அவன் படியிறங்கினான்.

உள்ளே போய் அவள் பஞ்சையும் எண்ணெயையும் எடுத்து வைத்தாள். வைத்ததையே மறுபடி எடுத்தாள். வ்ரோனா அவளைப் பார்த்தார்.

"அது நம்ம கெரார்ட் குரலாச்சே. என்னால திட்டு வாங்கினீங்களா?"

"நீங்க பொத்தானப் போடுங்க."

"அவன நிறுத்தச் சொல்லியிருக்கணும் நான்," என்றார் அவர், குனிந்தபடி. "சொல்ல வரலம்மா. யாரோ எனக்காக வீடு வீடா நடக்கறாங்கன்னு கேக்கும்போது... கொஞ்ச நேரம் கை சரியாயிட்ட மாதிரி இருக்கு."

அதற்குமேல் அவர்மீது கோபப்பட அவளால் முடியவில்லை.

அந்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் கலினா மைதானத்துக்குப் போகவில்லை. கல் என்று சொன்னவன் பக்கத்தில் போய் உட்கார அவளுக்கு என்ன தலையெழுத்தா? துவைத்த துணியையே மறுபடி துவைத்தாள். மூன்று மணி ஆனதும் ஜன்னலைத் திறந்தாள். காற்று அந்தப் பக்கமிருந்து வீசினால் இன்ஜின் சத்தம் கேட்கும். ஒரு நிமிடம் உறுமும், அடங்கும். இந்நேரம் அவன் யாரிடம் சண்டை போட்டுக்கொண்டிருப்பான்... என்று நினைத்ததும் ஜன்னலைச் சாத்தினாள்.

அக்டோபர் முதல் வெள்ளிக்கிழமை பட்டியல் வந்தது. அழைக்கப்பட்ட ஐந்து பேரில் மூன்றாவது பெயர்: இக்னாசி வ்ரோனா. தோருப் பெயர் இல்லை.

ஊர் பித்துப் பிடித்துப் போனது. மாடிகளிலிருந்து ஆட்கள் கரைந்தார்கள். பேருந்து ஓட்டுநர்கள் ஒலிப்பானில் கரைந்தார்கள். அன்று மாலை வ்ரோனா சிகிச்சைக்கு வந்தபோது கையில் ஒரு கடிதம் இருந்தது. மேசையில் வைத்து, இடது கையால் பேனா பிடித்து, அதன் அடியில் பெயர் எழுத ஆரம்பித்தார். எழுத்து குழந்தையுடையதுபோல் கோணிக்கொண்டு போனது. தன் பெயரை எழுதி முடிக்க ஒரு நிமிடத்துக்குமேல் ஆனது.

"என்ன எழுதியிருக்கீங்க?"

"வேணாம்னு." அவர் சிரித்தார். "பதினெட்டு வருஷம் இந்த அழைப்பு வரணும்னு காத்திருந்தேன். வந்தாச்சு. வந்ததே போதும்... ஞாயித்துக்கிழமை சொல்லிடறேன். நீங்க வேலிக்கிட்ட நில்லுங்க. எனக்கு ஒரு தைரியம்."

வருடத்தின் கடைசிப் பந்தயம். காலையிலிருந்தே தூறல். மூன்று ஓட்டம் முடிந்ததும் இன்ஜின்கள் ஓய, வ்ரோனா சாதாரண உடையில் தடத்தின் நடுவே நடந்து வந்தார். எட்டாயிரம் பேரும் எழுந்து கரைந்தார்கள். ஓட்டுநர்கள் நுழைகிற வாசலில், கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு கலினா நின்றாள்.

அவர் ஒலிவாங்கியை இடது கையில் பிடித்தார்.

"எனக்கு இடம் வாங்கிக் குடுத்துட்டீங்க. நன்றி. ஆனா நான் வேணாம்னு எழுதிட்டேன்."

கரைதல் அங்கங்கே அறுந்தது.

"இந்தக் கை இனிமே ஓட்டாது. செப்டம்பர் மொத வாரமே எனக்குத் தெரியும். உங்ககிட்டச் சொல்லத் தைரியம் வரல. ரேஸ்ல பயந்ததில்ல... இதுக்குப் பயந்தேன். நீங்க கையெழுத்து வாங்கறீங்கன்னு தெரிஞ்சும் பேசாம இருந்தேன். அது தப்பு. மன்னிச்சுக்கங்க." தூறல் அவர் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. "எனக்குப் பதிலா யாருன்னு குழு கேட்டாங்க. முடிவு அவங்களோடது. நான் ஒரு பேரு சொல்லியிருக்கேன். ஆகஸ்ட்ல என் தலைய மண்ணுல விடாமத் தாங்கின பையன் பேரு. அவனுக்குக் குடுத்தாங்கன்னா, அவன் இங்க வரும்போது எனக்குக் கரையற மாதிரி அவனுக்கும் கரையணும். அவ்வளவுதான்."

பிறகு எங்கிருந்தோ ஒரு கைதட்டல்... அது பரவி, மைதானம் முழுக்க எழுந்து, அவர் தடத்தை ஒரு முழுச் சுற்று நடந்து முடிக்கும்வரை நிற்கவேயில்லை. பெரிய பெரிய ஆட்கள் தொப்பியைக் கழற்றி அழுதார்கள். கலினாவும் அழுதாள். இத்தனை வாரமாக யாரிடமும் அழ முடியாத அழுகை.

"கலினா."

திரும்பினாள். கெரார்ட் மேல்வரிசையிலிருந்து ஓடி வந்திருந்தான். குடையில்லை. மூச்சு வாங்கியது.

"செப்டம்பர் மொத வாரம்," என்றான். "நான் உங்ககிட்டப் பேனாவ நீட்டினது ரெண்டாவது வாரம்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆமா."

"கல்லுன்னு சொன்னேன்..."

"ஆமா."

"மன்னிச்சுடுங்க."

"எதுக்கு?" அவள் தலை நிமிர்ந்திருந்தது. "காரணம் தெரிஞ்சதால இன்னிக்கு நான் நல்லவளாயிட்டேன். தெரியாத வரைக்கும் கல்லு. நாளைக்கும் என் வேலையில சொல்ல முடியாதது ஏதாவது வரும். அப்ப மறுபடியும் கல்லாயிடுவேனா?"

அவனும் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டான்.

"நீங்க வராத ரெண்டு ஞாயிறும் உங்க சீட்டத் தொடச்சு வச்சேன்," என்றான். "அப்ப எனக்குக் காரணம் எதுவும் தெரியாது. கோவம்தான் இருந்துச்சு. கோவமாத் தொடச்சேன். ட்ரூடாவக் கேட்டுப் பாருங்க... எல்லாருக்கும் முன்னாடி கிண்டல் பண்ணா. நீங்க தப்புன்னு நெனச்சப்பவும் நீங்கதான் வேணும்னு இருந்துச்சு. அதுக்கு என்ன பேருன்னு எனக்குத் தெரியும். சொல்ல வெக்கமா இருக்கு."

மழை கொஞ்சம் வலுத்தது. அவன் இமையிலிருந்து ஒரு துளி இறங்கி, உதட்டோரம் தயங்கி நின்றது. கலினா அதைப் பார்த்தாள். பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள்.

"கெரார்ட்... நான் ஒண்ணு சொல்லணும். எனக்கு உங்கள..."

வாசலில் நின்ற நான்கு வண்டிகளும் ஒரே நேரத்தில் உயிர் பெற்றன.

அவள் உதடு அசைந்தது. அவனுக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. அவன் காதைக் காட்டினான். அவள் தலையசைத்துவிட்டு நின்றாள். வண்டிகள் தொடக்கக் கோட்டுக்குப் போயின; குறுக்கே கட்டிய நாடா எழுந்தது. நான்கு வண்டிகளும் இடப்பக்கம் சரிந்து சீறின. ஈர மண் வேலியில் அறைந்தது. நான்கு சுற்று... ஒரு நிமிடம். வருடக்கணக்காகப் பார்த்த அந்த ஒரு நிமிடம் இத்தனை நீளம் என்று அவளுக்குத் தெரியாது. அவள் அவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான். இரண்டாவது சுற்றில் அவன் கை வேலியின்மேல் அவள் கைக்கு அருகே வந்தது. மூன்றாவதில் தொட்டது. யார் ஜெயித்தார்கள் என்று அவர்கள் இருவருக்கும் இன்றுவரை தெரியாது.

இன்ஜின்கள் அடங்கின.

"இப்ப சொல்லுங்க," என்றான்.

"இத்தன நாளா மனசுக்குள்ள தெனமும் உங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டுத்தான் இருந்தேன்," என்றாள் கலினா. "யார்கிட்டயும் சொல்லக்கூடாதத, உங்க ஒருத்தர்கிட்ட மட்டும். நீங்க கேட்டுட்டு அழுவீங்க. நான் தேத்துவேன். அப்புறம்தான் தூக்கம் வரும்." அவள் கையை எடுக்கவில்லை. "எனக்கு உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு, கெரார்ட். இது ரகசியமில்ல. யார்கிட்ட வேணா சொல்லிக்கலாம்."